மூன்று நாள் அவகாசம்

"படியில நிக்காதீங்க… உள்ள போ, உள்ள போ!" என்று எண்பது பேருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தே இருபத்திரண்டு வருடங்களை ஓட்டியவர் அவர். புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் அரசுப் பேருந்தின் நடத்துநர். அப்படிப்பட்டவருக்கு அந்த வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி அறையில் குரலே எழும்பவில்லை.

எதிரே இருந்த ஆலோசகர் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, தம்பிக்கு திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி விந்தணு எடுத்து உறைய வெச்சுடலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. இன்னைக்குச் சேர்த்து மூணு நாள்தான் இருக்கு. தம்பிகிட்ட யார் பேசுறது? நீங்களா, நாங்களா?"

பக்கத்தில் இருந்த மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளுக்கு அளந்து போடுகிற கை. அந்தக் கை நடுங்கியது. மகன் வெளியே வராந்தாவில், காதில் இயர்போனுடன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வயது 17.

"அவன் பொழைச்சு வந்தாப் போதும்மா. மத்ததெல்லாம் எதுக்கு?" என்றார் அவர், ஒருவழியாக.

"பொழைச்சு வந்தப்புறம் கேப்பாம்ப்பா" என்றார் அந்தப் பெண்.

*

பையனுக்கு இது இரண்டாவது முறை. 14 வயதில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, விடாத காய்ச்சல், ஈறுகளில் ரத்தம், காலில் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேறொரு மருத்துவமனையில் இரண்டரை வருடம் சிகிச்சை. முடிந்தது என்று வீட்டில் பொங்கல் வைத்து, பிரகதாம்பாளுக்கு அபிஷேகம் செய்து, தலைமுடியெல்லாம் வளர்ந்து, பிளஸ் டூ போய்க்கொண்டிருந்தவனுக்கு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் திரும்ப வந்துவிட்டது.

திரும்பி வந்தால் மருந்து மட்டும் போதாது. முதலில் கீமோ கொடுத்து நோயை அடக்க வேண்டும். அடங்கியதும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. நம் ஊர் வழக்கில் 'எலும்பு மஜ்ஜை ஆபரேஷன்'. உண்மையில் கத்தியே படாத சிகிச்சை அது. இந்தியாவில் முதன்முதலாக 1983-ல் மும்பை டாடா மருத்துவமனையில் செய்தார்கள். 1986-ல் வேலூர் சி.எம்.சி-யில் தொடங்கினார்கள். தானம் கொடுப்பவரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவை எலும்புக்குள் தாமே வழி கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்து, புது ரத்தத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும்.

ஏற்றுவது சுலபம். ஏற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம்தான் கடினம். பழைய மஜ்ஜையை முழுவதுமாகக் காலிசெய்ய வேண்டும். அதற்காகக் கொடுக்கும் அதிக அளவு கீமோவும், உடல் முழுவதும் செலுத்தும் கதிர்வீச்சும் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களை எல்லாம் தேடித்தேடி அழிக்கும். புற்றுச் செல் எது, முடியின் வேர் எது, வாயின் உள்தோல் எது என்று பார்ப்பதில்லை. முடி மறுபடி முளைக்கும். வாய்ப்புண் ஆறும். விந்தணுவை உருவாக்கும் மூலச் செல்கள் அழிந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. பெண்களுக்கு இன்னும் கடுமை. பிறக்கும்போதே கொண்டுவந்த முட்டைகளின் கையிருப்பு அவ்வளவுதான். புதிதாக உருவாகாது.

முதல்முறை சிகிச்சையின்போது இதைப்பற்றி அந்தக் குடும்பத்திடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று கொடுத்த மருந்துகளின் பாதிப்பு இந்த அளவுக்கு இருக்காது, பலருக்குச் சில வருடங்களில் சரியாகிவிடும் என்பது ஒருபுறம். ஆனாலும் சொல்லியிருக்கலாம். 14 வயதுப் பையனிடம் இதை எப்படிப் பேசுவது என்று மருத்துவர்கள் கூச்சப்பட்டார்களா, உயிரே ஊசலாடும் நேரத்தில் இது எதற்கு என்று நினைத்தார்களா, கூட்டத்தில் நேரம் இல்லையா... மூன்றும் இருந்திருக்கலாம். அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் இதைப் பேசியாக வேண்டும் என்று 2006-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. அங்கிருந்து நம் ஊர் வெளிநோயாளிகள் பிரிவு மேஜைக்கு அது வந்து சேர இத்தனை காலம் பிடிக்கிறது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அவர் மகனிடம் பேசவில்லை. மச்சானுக்கு போன் போட்டார். இந்த மாதிரி விஷயமெல்லாம் தாய்மாமன் பேசினால்தான் சரி என்பது அவர் கணக்கு. விஷயம் இன்னதென்று தெரிந்ததும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாமா, நீங்களே சொல்லிடுங்களேன். எனக்கு சிக்னல் சரியா இல்ல" என்று மச்சான் வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். பையன் முகக்கவசத்தோடு ஓரமாக நின்றான். வெளியில் எதுவும் சாப்பிடக்கூடாது. அவர் மட்டும் ஒரு டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டேய் தம்பி… அந்த மேடம் ஒண்ணு சொன்னாங்க…"

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஃபைல்ல எழுதியிருந்துச்சு. கூகுள்ல பார்த்தேன்."

அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, மகன் தன்னைத் தாண்டி எங்கோ போய்விட்ட மாதிரியும் இருந்தது. "அப்ப நாளைக்குப் போயிரலாமா?" என்றார்.

"நான் இருப்பேனான்னே தெரியல. இதுல எனக்குக் கல்யாணம், புள்ள… சிரிப்பா இல்லையாப்பா?"

பேருந்தில் குடித்துவிட்டு ஏறுபவனை, சில்லறைக்குச் சண்டை போடுபவனை, பாஸ் இல்லாத கல்லூரிப் பையனை எல்லாம் பேசியே இறக்கியவர், பதில் தெரியாமல் நின்றார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. பிறகு சொன்னார்: "இல்ல தம்பி, செத்துப்போற பையனுக்கு இதை யாரு செய்யச் சொல்லுவா? அந்த டாக்டரு உன்னைய இருவத்தஞ்சு வயசு ஆம்பளயா பாக்குறாருடா. நாமதான் இன்னும் பார்க்கல."

பையன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

*

அந்த ஆய்வகம் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கருத்தரிப்பு மையத்தின் பின்பக்கம் இருந்தது. காத்திருக்கும் இடம் முழுக்கப் புதுமணத் தம்பதிகள், அவர்களோடு வந்த மாமியார்கள். சுவரெல்லாம் கொழுகொழு குழந்தைப் படங்கள். நடுவில் தலைமுடி உதிர்ந்து பாதி வளர்ந்த 17 வயதுப் பையனும், காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்த அப்பாவும்.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனைகள். ஒரே தொட்டியில் பலருடைய மாதிரிகளை வைப்பதால் அது கட்டாயம். மைனர் என்பதால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அங்கிருந்த பெரியவர், தாளைப் பையனிடம்தான் முதலில் நீட்டினார். "தம்பி, உனக்குச் சம்மதம்னாதான் அப்பா கையெழுத்து. இதுல ஒரு கட்டம் இருக்கு பாரு, உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா இதை என்ன செய்யணும்னு. படிச்சுட்டு டிக் பண்ணு." பையன் 'அழித்துவிடவும்' என்ற கட்டத்தில் டிக் செய்தான். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை எதுவும் நடக்கவில்லை. அந்தச் சின்ன அறை. வெளியே மூன்று நாற்காலி தள்ளி அப்பா. உள்ளே காய்ச்சல் உடம்பு, பயம், வெட்கம். அரைமணி கழித்து வெளியே வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிவிட்டான். ஆய்வகப் பெரியவர் அப்பாவிடம் வந்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் இருக்காது. நான் வந்து திறக்குறேன். நீங்க மட்டும் வராதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம் என்பார் நடத்துநர் இன்றும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தெருமுனையில் ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றுகொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணிக்கை குறைவுதான். முதல்முறை மருந்துகளும், இப்போதைய காய்ச்சலும் சேர்ந்த பாதிப்பு. ஆனால் அசைவுள்ள அணுக்கள் இருந்தன. அதை நான்கு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்கினார்கள். "இது கொஞ்சமாச்சே, போதுமா?" என்று கேட்டதற்கு அந்தப் பெரியவர் சொன்ன விளக்கம்: முன்பெல்லாம் கோடிக்கணக்கில் வேண்டும். 1992-ல் பெல்ஜியத்தில், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து கருமுட்டைக்குள் செலுத்தும் முறையில் குழந்தை பிறந்ததாக அறிவித்தார்கள். அதிலிருந்து கணக்கே மாறிவிட்டது. ஒரு முட்டைக்கு ஓர் அணு. எத்தனை வருடம் கெடாமல் இருக்கும் என்றால், இங்கிலாந்தில் 17 வயதில் புற்றுநோய் வந்த ஒருவர் சேமித்து வைத்ததிலிருந்து 21 வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது 2004-லேயே பதிவாகியிருக்கிறது.

கொண்டுவந்த காப்பீட்டு அட்டையில் இதற்கு இடமில்லை. சேமிக்க ஒரு தொகை, பிறகு வருடாவருடம் சில ஆயிரம் வாடகை. நடத்துநர் தன் சட்டைப்பை டைரியை எடுத்து, டிரிப் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில், அடுத்த வருடம் கட்ட வேண்டிய தேதியை எழுதிக்கொண்டார். பக்கத்தில் விவரம் எதுவும் எழுதவில்லை. வெறும் 'நாலு' என்று மட்டும்.

*

திங்கட்கிழமை கீமோ தொடங்கியது. ஆறு வாரத்தில் நோய் அடங்கியது. அதற்குள் இன்னொரு பிரச்னை கிளம்பியிருந்தது.

உடன்பிறந்தவர்களின் திசுக்கூறுகள் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். இவனுக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா. அவளுக்கே பொருந்திவிட்டது. அம்மா வார்டிலேயே விழுந்து கும்பிட்டார். ஆனால் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. தகவல் போனதும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தார். "நாங்க வேண்டாங்கல. தம்பி உசுரு முக்கியந்தான். ஆனா நாளைக்கு எங்க வீட்டுக்கு வாழ வர்ற புள்ள. மஜ்ஜையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டா, புள்ள பெத்துக்க முடியுமா? அதைமட்டும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்துருங்க."

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழந்தை பெறும் திறனை உண்மையிலேயே இழக்கப் போகிறவன் தம்பி. அவனைப்பற்றி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பாதிப்பும் இல்லாத அக்காவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். ஆண் என்றால் அதில் கேள்வியே இல்லை என்று நம் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பெண் என்றால் அது ஒன்றே கேள்வி.

மாப்பிள்ளை தங்கமான பையன். அம்மாவைச் சென்னைக்கே கூட்டிவந்து டாக்டர் முன் உட்காரவைத்தான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நாலைந்து நாள் ஊசி போடுவோம். ஸ்டெம் செல்கள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும். ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் அந்தச் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறுகையில் திருப்பி ஏற்றுவோம். நாலைந்து மணி நேரம். இடுப்பும் எலும்பும் கொஞ்சம் வலிக்கும். ஒரு மாத்திரையில் போய்விடும். கொடுத்த செல்களை உடம்பு சில வாரத்தில் ஈடுகட்டிவிடும். கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சம்பந்தியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது, "அப்ப அந்தப் பையனுக்கு?" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. அக்காதான் சொன்னாள்: "அவனுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு அத்தை." என்ன ஏற்பாடு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கல்யாணம் ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளிப்போனது.

*

வார்டில் பக்கத்து அறையில் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி வந்திருந்தாள். 11 வயது. தலசீமியா. கைக்குழந்தையிலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவள். இன்னும் பெரியமனுஷி ஆகவில்லை. அவளுடைய அம்மாவும் நடத்துநரின் மனைவியும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றுவார்கள். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்கும் இதே 'ஏற்பாடு' நடந்திருக்கிறது.

பையன்களுக்கு ஓர் அறையும் ஒரு குப்பியும் போதும். பெண்களுக்கு அப்படியில்லை. வயதுக்கு வந்த பெண் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை முதிரவைத்து, மயக்கம் கொடுத்து ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம் என்பது இப்போதைய வசதி. ஆனாலும் தீவிர ரத்தப் புற்றுநோயில் பத்து நாள் என்பதே பெரிய காலம். தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஊசி குத்துவதே ஆபத்து.

வயதுக்கு வராத சிறுமிக்கு அந்த வழியும் கிடையாது. அவளுக்கு வயிற்றில் சின்னத் துளையிட்டு, ஒரு சினைப்பையையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி உறையவைப்பார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான முதிராத முட்டைகள் தூங்கிக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் தேவைப்படும்போது அந்தச் சீவலை மறுபடி உடலில் பொருத்தினால், சில மாதங்களில் அது விழித்துக்கொள்ளும். கருமுட்டை மட்டுமல்ல, பெண்ணுக்குரிய ஹார்மோனும் சுரக்கும்.

கேட்கக் கதைபோல இருக்கும். ஆனால் நடந்திருக்கிறது. காங்கோவில் பிறந்து பெல்ஜியத்தில் குடியேறிய ஒரு சிறுமிக்கு, அரிவாள் செல் சோகைக்காக மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யுமுன், 14 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது சினைப்பைத் திசுவை எடுத்து வைத்தார்கள். அப்போது அவள் பூப்பெய்தி இருக்கவில்லை. பத்து வருடம் கழித்து அதைத் திரும்பப் பொருத்தி, 2014 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஆண் குழந்தை பெற்றாள். துபாயைச் சேர்ந்த இன்னொரு பெண். தலசீமியாதான். சிறுமியாக இருந்தபோது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எடுத்து உறையவைத்த திசு, பல வருடம் கழித்து டென்மார்க்கில் பொருத்தப்பட்டது. 2016 டிசம்பரில் லண்டனில் அவளுக்கு மகன் பிறந்தான். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இந்த முறையை 'சோதனை நிலை' பட்டியலிலிருந்து எடுத்தது 2019-ல்தான். வயதுக்கு வராத பையன்களின் திசுவை எடுத்து வைப்பது மட்டும் இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு இதில் ஒரு கண்டம் உண்டு. எடுத்து வைக்கும் திசுவுக்குள் புற்றுச் செல்லும் ஒளிந்திருக்கலாம். திரும்பப் பொருத்தினால் நோயையே திரும்பப் பொருத்தியதாகிவிடும். அதனால் மருத்துவர்கள் அங்கே மிகவும் தயங்குவார்கள். தலசீமியாவில் அந்தப் பயமில்லை. "எம் புள்ளைக்கு வந்தது அந்த நோயா இல்லாம இந்த நோயா வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேங்க்கா" என்றாராம் தருமபுரி அம்மா. பெற்றவர்கள் எதற்கெல்லாம் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது!

சிறுமியிடம் என்னவென்று சொன்னீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். "வயித்துல இருந்து ஒரு சின்ன விதை எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். என்ன செடி முளைக்கும்னு கேட்டா."

*

மாற்று சிகிச்சை நடந்தது. மூன்று நாள், காலையும் மாலையுமாகக் கதிர்வீச்சு. பிறகு கீமோ. பிறகு ஒரு மாலையில், கருஞ்சிவப்பாக ஒரு பை. அக்காவிடமிருந்து எடுத்தது. ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிட்டது. 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று நினைக்கும்படி இருந்தது. அடுத்த இரண்டு வாரம் அப்படியில்லை. வாயிலிருந்து வயிறுவரை புண். எச்சில் விழுங்க முடியாமல் மார்பின் ஊசி. கண்ணாடிக்கு வெளியே நின்று அப்பா கையசைப்பார். உள்ளேயிருந்து பதில் வராத நாள்களும் உண்டு. பதினாறாம் நாள் வெள்ளணுக்கள் தலைகாட்டின.

நூறு நாள் மருத்துவமனை பக்கத்திலேயே வாடகை அறை. அம்மா குக்கரும் பாத்திரமுமாகக் குடித்தனம் நடத்தினார். எல்லாம் சுடச்சுட, அன்றன்றைக்குச் சமைத்தது. பழைய சோறு கிடையாது, தயிர் கிடையாது. மாதக்கணக்கில் தோலில் தடிப்பு, மாத்திரை, மறுபடி தடிப்பு. ஊருக்கு வந்தபோது அவனுடைய ரத்த வகை 'பி'-யிலிருந்து அக்காவின் 'ஓ'-வாக மாறியிருந்தது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியெல்லாம் முதலிலிருந்து போட வேண்டும் என்றதும், அக்கா "அம்மா, தொட்டில் கட்டும்மா" என்று கிண்டல் செய்தாள்.

அப்பத்தாவுக்குத்தான் ஒரு சந்தேகம் தீரவில்லை. எப்படியோ அந்த 'நாலு' விஷயம் கிழவி காதுக்குப் போயிருந்தது. "ஏன்டா, இவன் ஒடம்புல ஓடுறது பூராம் அவ அக்கா ரத்தம்னா, நாளைக்கு இவனுக்குப் பொறக்குற புள்ள யாரு சாயல்ல இருக்கும்?" கூடமே சிரித்தது. ஆனால் கேள்வி லேசுப்பட்டது அல்ல. அவன் ரத்தத்தைப் பரிசோதித்தால் அக்காவின் மரபணுதான் வரும், பெண் என்றே காட்டும். உடம்பின் மற்றப் பகுதிகளில் அவன் அவன்தான். குப்பியில் இருப்பதும் அவன்தான். "உன் சாயல்லதான் அப்பத்தா" என்று பேரன் சொன்னதில் கிழவிக்குப் பரம திருப்தி.

தையில் அக்காவின் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடமே அவளுக்குப் பெண் குழந்தை. சம்பந்தியம்மாள் மருத்துவமனையில் பேத்தியை ஏந்திக்கொண்டு, தன் சந்தேகத்தைத் தானே மறந்துபோனார்.

*

மாற்று சிகிச்சை முடிந்து இரண்டாம் வருடம், வழக்கமான பரிசோதனைகளோடு விந்தணுப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார்கள். அவனே போய்க் கொடுத்துவிட்டு, அவனே ரிப்போர்ட் வாங்கி வந்தான். பூஜ்யம். ஆண்மை ஹார்மோன் அளவு சரியாக இருந்தது. மீசை இருந்தது, குரல் இருந்தது, கல்லூரியில் பைக் ஓட்டிக்கொண்டு திரிய உடம்பு இருந்தது. விந்தணு மட்டும் இல்லை. சில பேருக்குப் பல வருடம் கழித்துக் கொஞ்சம் திரும்பலாம், ஆனால் முழு உடல் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், "நல்லவேளைம்மா" என்றான். எதைச் சொல்கிறான் என்று அம்மாவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் இன்னொரு தோசை போட்டார்.

இப்போது அவனுக்கு 22. தஞ்சாவூரில் கணக்கர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அப்பாவின் பேருந்திலேயே போய்வருகிறான், டிக்கெட் எடுத்துத்தான். வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். அந்தப் பெண்ணிடம் புற்றுநோய் வந்ததைச் சொல்லிவிட்டான். குப்பிகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வது, எப்படித் தொடங்குவது என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அக்கா, "கல்யாணப் பேச்சு எடுக்குறதுக்கு முன்னாடி சொல்லிடணும்டா. நாளைக்கு உன் மாமியார் வந்து டாக்டர்கிட்ட எழுதிக் கேட்டா என்ன பண்ணுவ?" என்கிறாள்.

இந்த வருடம் அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நடத்துநர் டைரியைப் புரட்டிப் பணத்தை எடுத்து வைத்திருந்தார். காலை முதல் ட்ரிப்பில், கந்தர்வகோட்டை தாண்டி, கூட்டத்துக்குள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். நாலு சீட் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகன் அனுப்பியது. ஆய்வகத்துக்குப் பணம் கட்டியதற்கான ரசீதின் படம். முதல் சம்பளத்தில் கட்டியிருக்கிறான். கீழே, 'இனிமே நான் பாத்துக்கிறேன்ப்பா.'

அவர் செல்போனைப் பைக்குள் போட்டார். படியில் நின்றுகொண்டிருந்த இரண்டு பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ!" என்று சத்தம் போட்டார்.